கள்ளக்காப்பு

வண்டி நின்று ஏழு நிமிடம் ஆகியிருந்தது. நான் பள்ளிக்கூடக் கழிப்பறையில் கடைசிக் கதவுக்குப் பின்னால் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது பாட்டில். தண்ணீர் குடித்தால் எண் இறங்கும் என்று எங்கேயோ படித்திருந்தேன். இறங்கவில்லை. 318 என்று இருந்தது 321 ஆனது.

வண்டி என்று சொன்னது ஆம்புலன்சை. அது பதினோரு கிலோமீட்டர் தள்ளி, பைபாஸ் சாலையில் நின்றது. உள்ளே மாசானம் என்ற உப்பளத் தொழிலாளி நெஞ்சுவலியோடு படுத்திருந்தார். பக்கத்தில் என் அம்மா. அம்மாவுக்கு ஒன்றும் இல்லை. வண்டிக்கும் ஒன்றும் இல்லை. வண்டி நின்றதற்கான காரணம் கழிப்பறையில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது.

போன் அடித்தது. இசக்கி மாமா. அம்மா வண்டியின் டிரைவர்.

“ஏ ரெக்சி, என்னத்தம்மா தின்ன?”

“ஒண்ணும் தின்னல மாமா.”

“வண்டி செவப்புல நிக்கு. முன்னூத்திச் சொச்சம் காட்டுதாம். பாயாசத்துல குளிச்சியா?”

“பாதி மக்ரூன் தின்னேன்.”

பின்னால் அம்மாவின் குரல் கேட்டது. இருபத்தொண்ணு, இருபத்திரெண்டு, இருபத்திமூணு. அம்மா அப்படி எண்ணினால் யாருடைய நெஞ்சையோ அழுத்திக்கொண்டிருக்கிறாள் என்று அர்த்தம்.

“பாதி மக்ரூனுக்கா வண்டி நிக்கும்?” என்றார் மாமா. அவர் என்னைக் கேட்டது போலத் தெரியவில்லை. “சரி, பதறாத. பதறுனா நாடியும் ஏறிரும். நல்லதா எதையாவது நெனச்சுக்கோ.”

வைத்துவிட்டார். நான் நல்லதாக எதையாவது நினைக்கப் பார்த்தேன். கதவில் யாரோ காம்பஸ் முனையால் ஒரு கணக்கு வாத்தியாரைப் பற்றி எழுதியிருந்தார்கள். அதை நான்கு முறை படித்தேன். நாடி 118.

முதலில் இருந்து சொல்கிறேன். இதைச் சொல்லும்போது நான் பதறமாட்டேன், அதற்குப் பதினான்கு மாதப் பழக்கம் இருக்கிறது.

எனக்குப் பதினாறு வயது. பெயர் ரெக்சிலின். தூத்துக்குடியில் நான், ஒன்பது வயதுத் தங்கை பிரின்சி, அம்மா மூன்று பேரும் இருக்கிறோம். அப்பா கப்பலில் சமையல் வேலைக்குப் போனார். கப்பல் திரும்பி வந்தது.

அம்மா பெயர் சகாயராணி. பதினொரு வருடமாக ஆம்புலன்சில் முதலுதவி செய்கிற வேலை. அம்மாவுக்குச் சர்க்கரை நோய். வயதானால் வருகிற வகை இல்லை. சின்ன வயதிலேயே வந்து, ஊசி இல்லாமல் வாழவிடாத வகை. பத்தொன்பது வயதில் வந்தது. தினமும் நான்கு ஊசி. வேலைக்குச் சேரும்போது படிவத்தில் நீண்டகால நோய் உண்டா என்று கேட்டு இரண்டு கட்டம் போட்டிருந்தார்கள். அம்மா ‘இல்லை’யில் டிக் அடித்தாள். அதற்குப் பிறகு பதினொரு வருடத்தில் எத்தனையோ பேரைப் பிழைக்கவைத்திருக்கிறாள். ‘உண்டு’ என்று அடித்திருந்தால் அவர்களை வேறு யாராவது பிழைக்கவைத்திருக்கலாம். தெரியாது.

மூன்று வருடத்துக்கு முன்னால் எங்கோ ஒரு ஊரில் ஆம்புலன்ஸ் டிரைவர் தூங்கிப்போய் வண்டி பாலத்திலிருந்து விழுந்தது. அதற்குப் பிறகு காப்பு வந்தது. அரசாங்கப் பெயர் ‘பணித்தகுதிப் பட்டை’. முழங்கைக்கு மேலே மாட்டுகிற ரப்பர் வளையம். வேர்வையைத் தொட்டே சர்க்கரை, நாடி, தூக்கம் எல்லாம் பார்த்து, பக்கத்தில் இருக்கிற போன் வழியாக கண்ட்ரோல் ரூமுக்கு அனுப்பும். அளவுக்குள் இருந்தால் பச்சை. வெளியே போனால் சிவப்பு. வண்டியில் இருக்கிற இரண்டு பேரும் பச்சையாக இருந்தால்தான் வண்டி நகரும். நடுவழியில் ஒருவர் சிவந்தால் வண்டி தானாக ஓரமாகப் போய் நிற்கும். மருந்துப்பெட்டி பூட்டிக்கொள்ளும். வேறு வண்டி வரும்வரை காத்திருக்க வேண்டும்.

அதற்குக் காப்பு என்று பெயர் வைத்தது இசக்கி மாமாதான். “கோயில் கொடைக்குக் காப்புக் கட்டுனா பத்து நாள் வெரதம். இது ரிட்டயர் ஆவுற வரைக்கும்லா வெரதம்,” என்பார்.

முதல் மாதத்தில் அம்மா ஐந்து முறை சிவந்தாள். ஐந்து முறையும் அம்மா நன்றாகத்தான் இருந்தாள். சாப்பிட்ட பிறகு 210, 225 என்று ஏறும், ஊசி போட்டால் இறங்கும், அது அவள் உடம்பின் வழக்கம். காப்புக்கு 200 என்றால் 200. ஆறாவது சிவப்பு வந்தால் தகுதி நீக்கம் என்று கடிதம் வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா குளிக்கப் போகும்போது காப்பைக் கழற்றி டிவி மேல் வைத்துவிட்டுப் போனாள். நான் சும்மா மாட்டிப்பார்த்தேன். ஒரு பெண் குரல் வந்தது. “வணக்கம், சகாயராணி. நீங்கள் பணிக்குத் தகுதியுடன் இருக்கிறீர்கள்.”

அம்மா ஈரத்தலையோடு வந்தாள்.

“ஏட்டி, கழத்து அத. ஒடைஞ்சா என் தலையிலதான் கட்டுவான்.”

“ம்மா, இது என்ன சகாயராணிங்குது.”

“என்னது?”

“வணக்கம் சகாயராணின்னு சொல்லுச்சு. பச்சையா எரியுது பாரு.”

அம்மா பார்த்தாள். தலையிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டிக்கொண்டே இருந்தது. பிறகு கதவைச் சாத்தினாள்.

“கழத்திட்டு இன்னொரு தரம் போடு,” என்றாள்.

அன்று சாயங்காலமே இசக்கி மாமா வந்து விளக்கம் சொன்னார்.

“அதுக்கு மூஞ்சி தெரியாதுக்கா. வேர்வையத்தான் மோந்து பாக்கும். பெத்த பிள்ள வேர்வையில பாதி ஒங்க வேர்வைதான? பாதி ஒத்துப்போனாப் போதும்னு விட்டுருக்கான். ரொம்பக் கண்டிசனா வச்சான்னா, ஒங்களுக்குக் காய்ச்சல் வந்த அன்னைக்கு நீங்களே நீங்க இல்லன்னு சொல்லிரும்லா.”

“நான் வண்டியில இருப்பேன், இவ பள்ளிக்கூடத்துல இருப்பா. எடத்தக் காட்டிக்குடுக்காதா?”

“எடம் காட்டக் கூடாதுன்னுதானக்கா ரெண்டு நாள் ஸ்டிரைக் பண்ணோம்? நீங்கதான் மைக்கப் புடிச்சுப் பேசுனீங்க. நாங்க என்ன ஆடா மாடா, மணி கட்டி விடுததுக்குன்னு.”

அம்மா சிரித்துவிட்டாள். அந்த மாதத்தில் முதல் முறையாக.

அதிலிருந்து அம்மா டூட்டிக்குப் போனால் காப்பு என் கையில். சட்டைக் கைக்குள் மறைந்துவிடும். அதோடு பேசுகிற பழைய போன் என் சாப்பாட்டுப் பையில், சோற்று டப்பாவுக்கு அடியில். அம்மா அவளுக்கு வேண்டியதை அவளே பார்த்துக்கொள்வாள். வண்டியில் சின்ன சுகர் மெசின் வைத்திருப்பாள், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை விரலில் குத்திக்கொள்வாள். நான் செய்யவேண்டியது ஒன்றுதான். சாதாரணமாக இருப்பது.

அது எவ்வளவு வேலை என்று யாருக்கும் தெரியாது. பி.டி. பீரியடில் ஓடக்கூடாது. நாடி ஏறும். பிறந்தநாள் கேக் கூடாது. மார்க் ஷீட் கொடுக்கும்போது ஜன்னல் வழியாக வேப்பமரத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கரப்பான் பூச்சி பறந்தால் பறக்கட்டும். ஒருமுறை என் பெஞ்சுக்கு மேலே மின்விசிறியின் ஒரு இறக்கை கழன்று விழுந்தது. எல்லோரும் கத்தினார்கள். நான் நோட்டை மூடி வைத்தேன். என் சிநேகிதி ஷமீலா, “நீ மனுசியா, துணிக்கடை பொம்மையா?” என்று கேட்டாள். நாடி 84-இல் இருந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது.

அம்மாவுக்கு இரவு டூட்டி என்றால் நானும் விழித்திருக்க வேண்டும். தூங்கினால் தூக்கத்தில் இருக்கிற பணியாளர் என்று சிவந்துவிடும். மறுநாள் முதல் பீரியடில் தூங்குவேன். அப்படித் தூங்குகிறவர்கள் எங்கள் பள்ளிக்கூடத்தில் இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண்ணுடைய அப்பா தீயணைப்பு வண்டி ஓட்டுகிறார், அவருக்கு வலிப்பு. பன்னிரண்டாம் வகுப்பில் ஒருத்தியின் அம்மாவும் ஆம்புலன்ஸ்தான், அவருக்கு என்ன என்று தெரியாது. நாங்கள் மூன்று பேரும் வராந்தாவில் எதிரெதிரே வந்தால் தெரியாதது போலப் போவோம். ஆனால் யாரும் ஓடமாட்டோம். ஓடாமல் நடப்பதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். எங்கள் ஊர் அவசர சேவையின் ஆரோக்கியத்தில் கொஞ்சம் இங்கே யூனிஃபார்ம் போட்டு உட்கார்ந்திருக்கிறது.

இதில் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் அது பொய்யாகிவிடும். அம்மாவுக்கு இப்போது உடம்பு முன்னைப் போல எச்சரிக்கை கொடுப்பதில்லை. சர்க்கரை ரொம்ப இறங்கினால் கை நடுங்கும், வேர்க்கும், பசிக்கும், அது எல்லோருக்கும் தெரியும். இருபது வருடம் கழித்து சிலருக்கு அந்த நடுக்கம் வருவது நின்றுவிடுமாம். போன மழைக்காலத்தில் ஒரு நாள் காலையில் அம்மா மூடின பிரிட்ஜுக்கு முன்னால் பையோடு நின்றுகொண்டிருந்தாள்.

“என்னம்மா தேடுத?”

“பஸ்சு இன்னும் வரலட்டி,” என்றாள் சாதாரணமாக.

குத்திப் பார்த்தேன். 46. சீனித்தண்ணி கொடுத்த பிறகு, “எனக்கு ஒண்ணுமே தெரியலயே, நல்லாத்தான இருந்தேன்?” என்று என்னிடம் கேட்டாள். அன்று அவள் டூட்டிக்குப் போனாள். காப்பு பச்சையாகத்தான் இருந்தது. என் சர்க்கரை 92.

இனி இன்றைய விஷயம்.

இன்று காலை வேதியியல் செய்முறைத் தேர்வு. அதற்கு முன்னால் ஷமீலா, அவள் அண்ணன் கல்யாணம் நிச்சயமானதற்கு முந்திரியும் சீனியும் சேர்த்துச் செய்கிற மக்ரூன் ஆளுக்கொன்று கொடுத்தாள். பதினான்கு மாதமாக நான் வேண்டாம் என்றே சொல்லிவந்திருக்கிறேன். இன்று பாதியை வாயில் போட்டேன். ஒரே தாகமாகவும் பசியாகவும் இருந்தது. மீதிப் பாதியைக் கைக்குட்டையில் சுற்றி வைத்தேன்.

பதினொன்று பத்துக்குக் காப்பு மூன்று முறை அதிர்ந்தது. பியூலா மிஸ்ஸிடம் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு, வாசலில் இருந்த சாப்பாட்டுப் பையையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். “வயித்துவலிக்கு எதுக்குடி சோத்துப் பை?” என்று மிஸ் கேட்டது வராந்தா வரை வந்தது. கழிப்பறையில் நடந்ததைச் சொல்லிவிட்டேன்.

பைபாசில் நடந்ததை இசக்கி மாமா மத்தியானம் எங்கள் வாசலில் நின்று சொன்னார். அவர் மேலும் அம்மா மேலும் மீன் வாடை.

“கண்ட்ரோல்ல இருக்கவன் சொல்லுதான், மேடம், ஒங்க சுகர் முன்னூத்திப் பதினெட்டு, பேஷன்ட்ட விட்டுத் தள்ளி உக்காருங்கன்னு. அக்கா சொல்லுதாங்க, சார் எனக்கு ஒண்ணும் இல்ல, இந்த ஆளுக்குத்தான் நெஞ்சு நிக்கப் போவுது, பெட்டியத் தொறந்து விடுங்கன்னு. அவன் என்ன சொன்னான் தெரியுமா? சுகர் ஏறுனவங்க அப்படித்தான் மேடம் பேசுவாங்க, பதட்டப்படாதீங்கன்னான்.”

“எங்கிட்ட சொல்லிருந்தா காப்பக் கழத்திருப்பேனே,” என்றேன்.

“கழத்துனாலும் செவப்புதான்,” என்றாள் அம்மா. அவள் நைட்டிக்கு மாறிவிட்டுப் படியில் உட்கார்ந்திருந்தாள். “பெட்டிக்குள்ள மருந்து. கண்ணாடி வழியா தெரியுது. இது எம் மவ சுகர்னு சொன்னா அந்தால பெட்டி தொறக்குமா? அதுவும் தொறக்காது.”

வேறு வண்டி வர இருபத்தைந்து நிமிடம் ஆகும் என்றார்களாம். இசக்கி மாமா நடுரோட்டில் போய் நின்று ஒரு குட்டியானை வண்டியை மறித்திருக்கிறார். பின்னால் ஐஸ் போட்ட மீன் பெட்டிகள். பெட்டிகளைத் தள்ளிவிட்டு மாசானத்தை ஐஸ் மேல் கிடத்தி, அம்மா முட்டுப்போட்டு நெஞ்சை அழுத்திக்கொண்டே போயிருக்கிறாள்.

“சாளமீனுக்கு நடுவுல சாவ மாட்டேன்னு எந்திரிச்சுட்டாருல்லா மனுசன்,” என்றார் மாமா. யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

மாசானம் பிழைத்துக்கொண்டார். தாமதமானதில் இதயத்தில் ஒரு பகுதி செத்துப்போய்விட்டதாம். இனி உப்பு மூட்டை தூக்கமுடியாது. அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. வேறு வேலை எதுவும் தெரியாது என்று அவருடைய மனைவி அம்மாவிடம் சொன்னாராம், நன்றி சொல்லும்போது. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னாராம்.

நான் கைக்குட்டையைப் பிரித்து மீதி மக்ரூனை அம்மாவிடம் காட்டினேன்.

“நான் பாதிதாம்மா தின்னேன்.”

அம்மா திட்டவில்லை. மெசினை எடுத்தாள்.

“கைய நீட்டு.”

294.

“மக்ரூன் தின்ன வெரலு. சோப்புப் போட்டுக் கழுவிட்டு வா.”

கழுவிவிட்டு வந்தேன். 301. அம்மா மெசினை உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டினாள். தன் விரலில் குத்திப் பார்த்தாள். 127. மெசின் சரியாக இருந்தது.

இசக்கி மாமா, “நான் போயி டீ சொல்லிட்டு வாரேன்க்கா,” என்று சொல்லிவிட்டு ரோட்டுக்குப் போனார். ரொம்ப நேரம் வரவில்லை.

அம்மா போனை எடுத்து நிறுவனத்திலிருந்து வந்த பழைய செய்திகளைத் திறந்தாள். மூன்று வாரமாக மூன்று செய்தி வந்திருந்தது. முதல் செய்தி வந்த அன்று நாங்கள் எல்லோரும் சேர்ந்து சிரித்தோம். ‘அன்புள்ள சகாயராணி, உங்கள் சராசரிச் சர்க்கரை அளவு வாரந்தோறும் ஏறிவருகிறது. அதிகத் தாகம், அடிக்கடி சிறுநீர், எடை குறைதல் ஆகியவை இருந்தால் உடனே மருத்துவரைப் பார்க்கவும்.’ மாமா அதைச் சத்தம் போட்டுப் படித்துவிட்டு, “ஒங்களுக்கு சுகர் வரப் போவுதாம்க்கா. இருபத்திரெண்டு வருசம் கழிச்சுக் கண்டுபிடிச்சிட்டான்,” என்றார். அம்மாவுக்குக் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரிப்பு.

இன்று மூன்றையும் வரிவரியாகப் படித்தாள்.

“ராத்திரி ஒண்ணுக்குப் போக எத்தன தரம் எந்திரிக்க?”

“மூணு. நாலு.”

“எப்பலேர்ந்து?”

“பொங்கல் லீவுலேர்ந்து.”

“எங்கிட்ட ஏண்டி சொல்லல?”

“பச்சையாத்தானம்மா இருந்துச்சு.”

அதுதான் நடந்தது. 160 இருந்தது, 175 இருந்தது, போன வாரம் 190 இருந்தது. 200 வரை பச்சை. பச்சை என்றால் நாங்கள் எண்ணைப் பார்ப்பதில்லை. அம்மா எத்தனை பேருக்கு முகத்தைப் பார்த்தே நோய் சொல்லியிருக்கிறாள். என்னை தினமும் பார்த்தாள். முதலில் கையைத்தான் பார்ப்பாள், காப்பு சரியாக இருக்கிறதா என்று.

“மெலிஞ்சிட்டன்னு பாத்தேன்,” என்றாள். “பரீட்சைக்கு முழிச்சிப் படிக்கன்னு நெனச்சிட்டேன்.” அவள் முழிக்கவைத்த இரவுகளை அவள் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

சர்க்கரை முற்றி உடம்பில் அமிலம் சேர்ந்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ள, என் சிறுநீரில் ஒரு பட்டைக் காகிதத்தை நனைத்துப் பார்த்தாள். லேசாக நிறம் மாறியது. விடியும்வரை தாங்கும் என்றாள். தன் மருந்தில் இரண்டு யூனிட் எடுத்து என் வயிற்றில் போட்டாள். ஊரில் எத்தனை பேருக்கு ஊசி போட்ட கை. மூன்றாவது முயற்சியில்தான் போட்டாள்.

“நேரா பெரியாஸ்பத்திரிக்குப் போவமாம்மா?”

அம்மா ஊசியை மூடி வைத்தாள். டீயோடு திரும்பி வந்திருந்த மாமாதான் தரையைப் பார்த்தபடி சொன்னார். “ஆறாவது செவப்பு விழுந்திருக்கு. கடைசி வாய்ப்பா இன்னைக்கு நைட் டூட்டிய முழுசா பச்சையா ஓட்டிட்டா அந்தச் செவப்ப அழிச்சிருவான். இல்லன்னா நாளைக்கு ஆர்டர் வந்துரும்.”

“வந்தா வரட்டும்,” என்றேன்.

“வந்தா?” என்றாள் அம்மா. “இன்சுலின் நேத்து வரைக்கும் ஒரு ஆளுக்கு. இன்னைலேர்ந்து ரெண்டு ஆளுக்கு. வரட்டுமா, சொல்லு.”

அம்மா என் கையிலிருந்து காப்பைக் கழற்றினாள். தோலில் வெள்ளையாக ஒரு வளையம் இருந்தது. பிறகு, “பிரின்சி, இங்க வா,” என்று கூப்பிட்டாள்.

“வேண்டாம்மா. சின்னப்பிள்ளம்மா அவ.”

“ஒரு ராத்திரிதான். காலையில ஆறு மணிக்கு வந்ததும் மொத வேல ஒன்னயக் கூட்டிட்டுப் போறதுதான். அதுக்கப்புறம் நான் யோசிக்கேன்.”

பிரின்சிக்கு ஒரே சந்தோஷம். பதினான்கு மாதமாக அவளுக்கு இதில் கண். கை சின்னது, ரப்பர் பட்டை போட்டு இறுக்க வேண்டியிருந்தது. “வணக்கம், சகாயராணி. நீங்கள் பணிக்குத் தகுதியுடன் இருக்கிறீர்கள்.” பிரின்சி பதிலுக்கு, “வணக்கம் மிஸ்,” என்றாள்.

ஒன்பதரைக்கு அம்மா கிளம்பினாள். வாசலில் நின்று மெசினை என் கையில் வைத்தாள்.

“ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா பாரு. எழுபதுக்குக் கீழன்னா சீனித்தண்ணி குடி. முன்னூறுக்கு மேலன்னா, இல்ல வாந்தி வந்துச்சுன்னா ஒடனே எனக்கு அடி. எங்க இருந்தாலும் வந்துருவேன். அவள தூங்க விடாத. பயங்காட்டாத. நீயும் பயப்படாத, ஒன்னப் பாத்துதான் அவ பயப்படுவா.”

“இது ஒன்னோட மெசின்லா. ஒனக்கு?”

“எனக்கு எதுக்குட்டி? இருபத்திரெண்டு வருசமா பாக்கேன். எனக்கு ஒடம்பு தெரியும்.”

மாமா வண்டியிலிருந்து ஆரன் அடித்தார். அம்மா ஓடிப்போய் ஏறினாள். வீட்டில் ஓடுவதற்கு இப்போது அவள் மட்டும்தான் இருக்கிறாள்.

மணி ஒன்று நாற்பது. இதை வேதியியல் ரெக்கார்டு நோட்டின் இடது பக்கத்தில் எழுதிக்கொண்டிருக்கிறேன். வலது பக்கத்தில் உப்பு ஆய்வு இருக்கிறது. யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லலாம் என்றால் பக்கத்தில் இருப்பது பிரின்சி. அவளிடம் சொன்னால் அவள் நாடி ஏறும். ஏறினால் எங்கேயோ ஒரு வண்டி ஓரமாகப் போய் நிற்கும். அதனால் எழுதுகிறேன். பதினான்கு மாதத்தில் முதல் முறையாக என் கையில் காப்பு இல்லை. எவ்வளவு வேண்டுமானாலும் பயப்படலாம். எப்படி என்று மறந்துவிட்டது போலிருக்கிறது, முகம் பழையபடியே இருக்கிறது. விரல் மட்டும் ஆடுகிறது. குத்திப் பார்த்தேன், 171. அப்படியென்றால் இது வெறும் பயம்தான்.

அம்மாவுக்குப் பதினொன்றரைக்குப் போன் செய்தேன். பேசினாள். ஒரு மணிக்குச் செய்தேன், எடுக்கவில்லை. இசக்கி மாமாவும் எடுக்கவில்லை. நோயாளி உள்ளே இருந்தால் எடுக்கமாட்டார்கள், அது வழக்கம்தான். பழைய போன் திரையில் இப்படி இருக்கிறது: வண்டி பணியில் உள்ளது. பணியாளர் சகாயராணி: பச்சை. சர்க்கரை 94.

தூக்கம் வராமல் இருக்க பிரின்சிக்கு ஒரு வேலை கொடுத்திருந்தேன். ஒரு தாளில் கட்டம் போட்டு, மணிக்கு மணி எண்ணைக் குறித்துவைக்க வேண்டும். அவள் ஸ்கேல் வைத்து நேராகக் கோடு போட்டு, ஸ்கெட்ச் பேனாவால் தலைப்பு எழுதியிருக்கிறாள். அக்கா என்று ஒரு வரிசை, அதில் மெசின் எண். பிரின்சி என்று ஒரு வரிசை, அதில் காப்பு எண். இரண்டும் இந்த மணி வரைக்கும் நிரம்பியிருக்கிறது. நான் சொல்லாமலே மூன்றாவதாக ஒரு வரிசை போட்டு ‘அம்மா’ என்று எழுதி, பக்கத்தில் பூ வரைந்திருக்கிறாள். அந்த வரிசையில் ஒன்றும் இல்லை.

பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு இப்போது என்னைப் பார்க்கிறாள்.

“யக்கா, ஒன் நம்பர் எழுதிட்டேன். என் நம்பர் எழுதிட்டேன். அம்மா நம்பர் எத்தன?”